முயலுக்காக முழங்கால் போட்ட ஞாயிறு

முயலா?

இந்த ஊரில் யாரும் சாப்பிடுவதில்லைன்னு எழுதிக்க மக்கா. இரு, அப்படி எழுதாத. சாப்பிட்டாங்க. ரெண்டு வருஷம் நல்லாவே சாப்பிட்டாங்க. பிறகு விட்டுட்டாங்க. அப்படி எழுத உன் தாளில் இடம் இருக்கா? இல்லையா. ஆம், இல்லை, ரெண்டுதான் இருக்கா. சரி, இல்லைன்னே போடு.

எந்த வீட்டில் என்ன கறின்னு கணக்கெடுக்க வந்த பிள்ளை வெயிலில் நிக்காத, உள்ளே வா. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காரு. தண்ணி குடி. மோர் இருந்தது, காலையில் பூனை தட்டி விட்டுருச்சு. உங்க மிஸ் அடுத்த தெருவில்தானே நிக்காங்க, வரும்போது வரட்டும்.

வான்கோழி கிறிஸ்துமஸுக்கு மட்டும். ரெண்டு மூணு வீட்டில் வளர்ப்பாங்க. காடை இப்ப எல்லா பரோட்டாக் கடையிலும் கிடைக்குது. பன்றிக்கறி இந்தத் தெருவில் கிடையாது, கேட்டா கோவிச்சுக்குவாங்க, கேட்காத. மேலத் தெருவுக்குப் போயிட்டியா? அங்கே என்ன சொன்னாங்க? முயல் சாப்பிடுறோம்னு சொன்னாங்களா? யார் சொன்னா?

ஏன் மக்கா தலையைக் குனியுற?

ஓ. நீயே எழுதிட்டியா. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தெரு முழுக்க நீயே எழுதிட்டியா. நாய் விரட்டுச்சா? அந்தக் கறுப்பு நாய்தானே. அது எல்லாரையும் விரட்டும், எங்க ஐயரையே விரட்டியிருக்கு. ஐயர்னா எங்க கோயில் பாதிரியார். நாங்க ஐயர்னுதான் சொல்லுவோம், நீ வேற யாரையும் நினைச்சுக்காத. சரி விடு, அழாத. மிஸ்ஸுக்குத் தெரிஞ்சா உன் வேலை முழுக்க வீணாப் போயிருமா? எப்படித் தெரியும்? நான் யார்கிட்ட சொல்லப் போறேன்? இந்தக் கிருபாவதி யாரைப் பத்தியாவது ஒரு வார்த்தை வெளியே பேசினான்னு இந்த ஊரில் ஒருத்தர் சொல்லட்டும்.

பின்னால் கம்பிக் கூண்டு தெரியுது பாரு. அதெல்லாம் முயல் கூண்டுதான். இப்ப விறகு அடுக்கியிருக்கேன். மேல் தட்டில் கோழி முட்டையிடுது. என் மகன் ஆசீர் தன் கையால் கட்டினது. சவுதியில் ஏசி மெக்கானிக்கா இருந்தவன். அவங்க அப்பா தவறினதும் அம்மாவைத் தனியா விட முடியாதுன்னு பொண்டாட்டியோடு இங்கேயே வந்துட்டான். அப்படிப்பட்ட பிள்ளை.

வந்ததும் சும்மா இருக்கலை. வண்டியை எடுத்துக்கிட்டு ஊர் ஊராச் சுத்தினான். எந்த ஊரில் எந்தக் கறி ஓடுது, யார் வாங்குறான், எங்கேயிருந்து வருதுன்னு விசாரிச்சான். நீ இப்ப வந்து கேட்கிற மாதிரியேதான். ஆனா அவன் வீடு வீடாப் போய்க் கேட்டான். தப்பா எடுத்துக்காத மக்கா, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஒருநாள் ராச்சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன் தட்டு, டம்ளர், உப்பு ஜாடி எல்லாத்தையும் வரைபடம் மாதிரிப் பரப்பி வச்சான்.

"யம்மா, இங்க பாரு. கிழக்க கடலு. அங்க மீனை விட்டா வேற பேச்சே கிடையாது. தெக்க மார்த்தாண்டம் தாண்டினா தாரா வாத்து கேப்பான், முயல் கேப்பான், பன்னி கேப்பான், எல்லாம் திம்பான். வடக்க ஈரோட்டுப் பக்கம் காடை. இந்தா, உப்பு ஜாடிதான் நம்ம ஊரு. ஆட்டை விட்டா கோழி, கோழியை விட்டா ஆடு. ஜனங்களுக்குச் சலிச்சுப் போச்சும்மா. புதுசா ஒண்ணக் கொடுத்தா திம்பாங்க."

"முயலையா லே?"

"முயலத்தான்."

"பாவம்லா அது."

"ஆடு பாவம் இல்லையா? போன ஞாயித்துக்கெழம எலும்பக் கடிச்சு உறிஞ்சினியே."

ஷீபா சிரிச்சா. ஷீபாதான் என் மருமக. அவ சிரிச்சா வாயைப் பொத்திக்குவா. அன்னைக்குப் பொத்தாம சிரிச்சா.

முயல் வந்தது. வெள்ளையில் கொஞ்சம், சாம்பலில் கொஞ்சம். காட்டு முயல் இல்லை, அதைப் பிடிச்சாக் கேஸ். இது வளர்க்கிற முயல். நான் முதலில் பக்கத்திலேயே போகலை. பிறகு முருங்கைக் கீரையும் வேலிமசால் தழையும் அறுத்துப் போடுறது என் வேலையாப் போச்சு. முயல் சத்தம் போடாது, தெரியுமா? கோழி பசிச்சாக் கத்தும், ஆடு கத்தும். இது கத்தாது. மூக்கை மட்டும் ஆட்டிக்கிட்டு உன்னையே பார்க்கும். சினை முயல் குட்டி போடுறதுக்கு முன்னால் தன் வயித்து முடியைத் தானே பிடுங்கி மெத்தை போடும். நான் அதைப் பார்த்துட்டு ஷீபாகிட்டச் சொன்னேன். அவ உள்ளே போயிட்டா. அவளுக்கு அதுக்குள்ள ரெண்டு தடவை கலைஞ்சிருந்தது. எனக்கு அது பிறகுதான் உறைச்சது. அன்னைக்குச் சாயங்காலம் ஜெபத்தில் அவளுக்காகத் தனியா ரொம்ப நேரம் ஜெபிச்சேன். மருமக கர்ப்பம் தங்கலையே, இவ மனசு முயலைப் பார்த்து ஏங்குதேன்னு. ஜெபம் முடிஞ்சு கண்ணைத் திறந்தா ஷீபா இடத்தில் இல்லை.

எங்க வீட்டில் சாயங்கால ஜெபம் ஒருநாளும் தவறினதில்லை. கல்யாணம் ஆகி வந்த நாளில் இருந்து நான்தான் ஜெபிப்பேன். ஆசீர் அப்பாவுக்கு ஜெபிக்க வாய் வராது. பிள்ளைகளை நான் அடிச்சதில்லை மக்கா, திட்டினதும் இல்லை. மனசில் என்ன இருந்தாலும் ஆண்டவர்கிட்டதான் சொல்லுவேன். அவங்க அப்பா மூக்குப்பொடி போடுறதைப் பத்தி நேருக்கு நேர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஜெபத்தில் சொல்லுவேன். எமிமா, அவ என் மூத்த மக, இப்ப சென்னையில் இருக்கா, அவ பத்தாவதில் கணக்கில் பெயிலாப் போனப்ப ஒரு அதட்டல் போடலை. ஜெபத்தில்தான் சொன்னேன். ஷீபா காலையில் எந்திரிக்க நேரமாகும். அவளைக் கேட்பேனா? மாட்டேன். ஆண்டவரே, இந்த வீட்டில் சூரியன் வந்த பிறகும் தூங்குகிற ஒரு ஆத்துமா இருக்கிறது, அதை எழுப்பும்னு சொல்லுவேன். அவ்வளவுதான்.

ஷீபாவுக்கு அது பிடிக்கலை. ஒருநாள் அடுப்படியில் வந்து நின்னா.

"அத்தே, எங்கிட்ட ஏதாவது சொல்லணும்னா நேர சொல்லிருங்க. அவருகிட்ட நீங்க சொல்லி, அவரு எனக்குச் சொல்றதுக்குள்ள பக்கத்து வீட்டுக்குக் கேட்டுருது."

"எவருகிட்ட சொன்னேன்?"

அவ மேலே கையைக் காட்டினா. மச்சுக்கும் மேலே.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சின்னப் பிள்ளை. அதுக்காகவும் ஜெபிச்சேன்.

என்ன கேட்டே? ஆமா, கறி. கறிக்கு வாரேன்.

முதலில் ஊரில் யாரும் வாங்கலை. கோயில் மாதர் சங்கத்துப் பெண்கள், வேதத்தில் அந்தக் காலத்து ஜனங்களுக்கே முயல் ஆகாதுன்னு விலக்கி வச்சிருக்கே, நாம தின்னலாமான்னு கேட்டாங்க. எனக்கும் பயமாப் போச்சு. ஐயர்கிட்டப் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைச்சுக்கிட்டே, "வறுவலாம்மா, பிரியாணியா?"ன்னு கேட்டார். அன்னைக்குச் சாயங்காலமே ஆசீர் ஒரு கிலோ கொண்டு போய்க் கொடுத்தான். அடுத்த ஞாயிறு ஐயர் வாசலில் நின்னு நாலு பேர்கிட்டச் சொன்னார், கோழியை விட மெத்துனு இருக்கு, கொழுப்பே இல்லைன்னு. பிறகு யாரும் பயப்படலை.

பைபாஸில் ஸ்டீபன் அண்ணாச்சி ஹோட்டல் இருக்கு. அவரும் எங்க சபைதான், மூணாவது பெஞ்சில் உட்காருவார். அவர் துணிஞ்சு ஒரு போர்டு வச்சார். பெரிய முயல் படம், காது ரெண்டும் போர்டுக்கு வெளியே நிக்கும். முயல் கறி, முயல் பிரியாணி. திருநெல்வேலியில் இருந்தெல்லாம் பைக்கில் பையன்கள் வந்தாங்க. வந்து தின்னுறதைப் படம் எடுத்துப் போட்டாங்க. அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பேர். சுகர் இருக்கிறவங்க வந்தாங்க, டாக்டர் சொன்னார்னு. ஆசீருக்குக் குட்டி பத்தலை. ரெண்டாவது வருஷம் பக்கத்து ஊரில் நாலஞ்சு பேருக்கு அவனே முயல் கொடுத்து வளர்க்கச் சொன்னான். கிறிஸ்துமஸுக்கு ஊரில் பாதி வீட்டில் முயல் சொல்லி வச்சிருந்தாங்க. கிறிஸ்துமஸுக்குப் பாட கேரல் பாட்டுப் பழகிட்டு வீட்டுக்குப் போற பையன்கள் எங்க வாசலில் நின்னு, "ஆசீர் அண்ணே, எங்க வீட்டு முயல மறந்துராதீங்க"ன்னு கத்திட்டுப் போனாங்க.

போன கிறிஸ்துமஸைத்தான் சொல்றேன். நல்லபடியா நடந்திருக்க வேண்டிய கிறிஸ்துமஸ்.

கார்த்திகை பிறந்த சமயம் ஒருநாள் கீரை போடப் போனேன். ஓரத்துக் கூண்டில் ஒரு முயல் காதைக் காதைச் சொறிஞ்சுது. பிடிச்சுப் பார்த்தா காதுக்குள்ள பொருக்கு. பக்கத்துக் கூண்டிலும் ஒண்ணுக்கு மூக்கு நுனியில். ஆசீரைக் கூப்பிட்டேன்.

"பாத்துட்டேம்மா. சொறிதான். டாக்டர் வந்து ஊசி போட்டுட்டாரு. அந்தக் கூண்ட மட்டும் தள்ளி வச்சிருக்கேன். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி சரியாயிரும். ஆறாம ஒண்ணையும் விக்க மாட்டேன்."

"மத்ததுக்கு வராதா லே?"

"வராது. வந்தாலும் ஊசி இருக்கு." பிறகு கிட்ட வந்து, "யம்மா, வெளிய மூச்சு விட்டுராத. சொறின்னு சொன்னா சனங்க சொறின்னு கேக்காது" அப்படின்னான்.

"நான் யாருகிட்டலே சொல்லப் போறேன்?"

சொல்லலை மக்கா. சத்தியமா ஒரு மனுஷர்கிட்ட நான் சொல்லலை. இந்தா, மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப் போடுறாளே வசந்தா, தினம் நாலு தடவை பேசுவோம். அவகிட்டக்கூட மூச்சு விடலை. அன்னைக்குச் சாயங்கால ஜெபத்தில்கூட முயல் பேச்சை எடுக்கலை, அவ காதில் விழுமேன்னு. எத்தனை கட்டுப்பாடா இருந்தேன் பாரு.

ஆனா பிள்ளை முகம் வாடியிருந்தது. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு டார்ச் அடிச்சுப் பார்த்தான். பெத்தவ எப்படிச் சும்மா இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் ஐயரிடம் போய் ஜெபக் குறிப்பு கொடுத்தேன். ஜெபக் குறிப்புன்னா, நம்ம கஷ்டத்தை ஐயரிடம் சொன்னா ஆராதனை நடுவில் அவர் அதைச் சொல்லி ஜெபிப்பார், சபை முழுக்கச் சேர்ந்து ஜெபிக்கும். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வேலை, யாருக்கு வரன், எல்லாம் அதில்தான். எங்க முயலுக்குச் சுகமில்லை ஐயா, பையன் கவலையா இருக்கான்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அது ஆண்டவர் காரியம். அதை வெளியே சொல்றதுன்னு யாராவது சொல்லுவாங்களா?

ஐயருக்கு நல்ல தொண்டை. எங்க கோபுரத்தில் ஸ்பீக்கர் இருக்கு, பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்கும். "நம்முடைய சபையின் பிள்ளையாகிய ஆசீருடைய முயல் பண்ணையில் நோய் கண்டிருக்கிறது. நோய் தீவிரமாய்ப் பரவாதபடிக்கு, மனுஷருக்கும் மிருகஜீவன்களுக்கும் சேதம் வராதபடிக்கு, சபையாரே, முழங்காற்படியிடுவோம்" அப்படின்னார். சபை முழுக்க முழங்கால் போட்டுச்சு. பெஞ்சு நகர்ற சத்தத்தில் கோயிலே அசைஞ்ச மாதிரி இருந்தது. பாடகர் குழு, சங்கத்துப் பெண்கள், வயசானவங்க, சின்னப் பிள்ளைகள். ஸ்டீபன் அண்ணாச்சிக்கு மூட்டு வலி, அவர் முழங்கால் போட்டு நான் பார்த்ததில்லை. அன்னைக்குப் போட்டார். என் பிள்ளைக்காக ஊரே முழங்காலில் நின்னுச்சு மக்கா. எனக்குக் கண்ணீர் வந்துச்சு. அதுதான் நான் கடைசியா அழுதது.

திரும்பி ஆசீரைப் பார்த்தேன். ஆண்கள் பக்கம், கடைசியில், வாசலை ஒட்டி. எல்லாரும் முழங்காலில் இருந்தாங்க, அவன் மட்டும் நின்னுக்கிட்டிருந்தான். முன்னால் பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். சந்தோஷத்தில் பிள்ளைக்கு ஒண்ணும் ஓடலைன்னு நினைச்சேன்.

சாயங்காலமே ஸ்டீபன் அண்ணாச்சி வந்தார். உட்காரலை. வாசலில் நின்னே பேசினார்.

"ஆசீரு, தப்பா நினைக்காத. உன் முயல நான் குத்தம் சொல்லல. ஆனா மத்தியானம் வந்தவனெல்லாம், அண்ணாச்சி இது அந்த முயலான்னு கேக்கான். நான் என்ன பதில் சொல்ல?"

"அண்ணாச்சி, அது வெறும் சொறி. டாக்டர வேணா கேளுங்க. அந்த ரெண்டும் தனியா நிக்கு."

"நீ சொன்னா நான் நம்புதேன். ஊரு நம்பணும்லா. மனுஷருக்கும் சேதம்னு மைக்குல சொல்லியாச்சே."

"சொன்னது யாரு அண்ணாச்சி, டாக்டரா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "ஜெபிக்கேம்ப்பா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அவர் போர்டில் முயல் படத்து மேலேயே காடைப் படத்தை ஒட்டிட்டாங்க. காது ரெண்டும் வெளியே நின்னதால் அதை மறைக்க முடியலை. இன்னைக்கும் போய்ப் பாரு, காது வச்ச காடை.

கிறிஸ்துமஸுக்குச் சொல்லி வச்சவங்க ஒருத்தர் மாத்தி ஒருத்தரா வந்தாங்க. யாரும் வேண்டாம்னு சொல்லலை, அதைச் சொல்லணும். எல்லாரும் எவ்வளவு அன்பா இருந்தாங்க தெரியுமா. "கிருபாவதியக்கா, தினம் ஜெபிக்கோம்" அப்படின்னாங்க. "முயலு எப்படியிருக்கு?"ன்னு பஸ்ஸில் கேட்டாங்க. என் தலையில் கை வச்சு ஜெபிச்சாங்க. வாங்கத்தான் இல்லை. பக்கத்து ஊரில் அவன்கிட்ட முயல் வாங்கி வளர்த்தவங்களும் கூண்டோடு கொண்டு வந்து இறக்கிட்டுப் போனாங்க. எங்க பின்கட்டில் நிக்க இடமில்லை. எல்லா முயலும் மூக்கை ஆட்டிக்கிட்டு.

ஆனா ஒண்ணு சொல்லணும். ஜெபம் வீணாப் போகலை. ரெண்டு முயலுக்கும் சுத்தமாக் குணமாயிருச்சு. காதில் முடி முளைச்சு பட்டு மாதிரி ஆயிருச்சு. வேற ஒண்ணுக்கும் வரலை. ஊசிதான்னு ஷீபா சொன்னா. ஊசியைக் கொடுத்தது யாரு? கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு நன்றியா ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தேன். ஐயர் அதையும் மைக்கில் சொன்னார். ஆசீருடைய முயல்களை வாட்டிய நோய் நீங்கினதுக்காக ஸ்தோத்திரம்னு. இனிமே வாங்குவாங்கன்னு நினைச்சேன். கொஞ்சம் கொஞ்சமா மறந்துக்கிட்டு இருந்தவங்களுக்கும் அன்னைக்கு ஞாபகம் வந்துருச்சுன்னு ஷீபா சொல்றா. அவ எதையும் அப்படித்தான் பார்ப்பா.

ஆசீர் என்னை ஒரு வார்த்தை கேட்கலை. நீ நம்ப மாட்டே. ஏம்மா சொன்னேன்னு ஒரு கேள்வி இல்லை. கதவை அடிச்சுச் சாத்தலை. தட்டைத் தள்ளலை. தினம் சாயங்காலம் ஜெபத்துக்கு வந்து உட்கார்ந்தான், எப்பவும் உட்காருற இடத்தில். கண்ணை மூடினான். நான் ஜெபிச்சு முடிச்சேன். ஷீபா ஆமென்னு சொன்னா. அவன் சொல்லலை.

முதல் நாள் தூங்கிட்டானோன்னு நினைச்சேன். மறுநாளும் சொல்லலை. அதுக்கு மறுநாள் நான் நிறுத்திட்டுக் காத்திருந்தேன்.

"ஆமென் சொல்லுலே."

அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். கோபமாப் பார்த்தாக்கூடப் பரவாயில்லை. கூண்டுக்குள்ள இருந்து முயல் பார்க்குமே, அப்படிப் பார்த்தான். பிறகு எந்திரிச்சுப் போய் முயலுக்குத் தண்ணி வச்சான்.

அப்படியே பங்குனி வரைக்கும். பேசுவான். சாப்பிடுவான். எனக்கு மருந்து வாங்கிட்டு வருவான். ஆமென் மட்டும் சொல்ல மாட்டான். நானும் விடாம ஜெபிச்சேன். ஆண்டவரே, இந்த வீட்டில் ஒருவன் தன் தாய்க்கு முன்பாக நாவை அடக்கி வைத்திருக்கிறான், அந்தக் கட்டை அவிழ்த்தருளும்னு. சத்தமாவே ஜெபிச்சேன். அவன் காதிலும் விழட்டுமே.

மார்த்தாண்டத்துப் பக்கத்தில் இருந்து ஒரு ஆள் லாரி கொண்டு வந்தார். முயலைத் தூக்கிக் காதை மடக்கிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், நல்ல உருப்படின்னார். அந்தப் பக்கத்தில் எங்க ஊர் ஜெபக் குறிப்பை யாருக்குத் தெரியும்? எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிட்டார். அங்கே எல்லாம் வித்திருக்கும். அவன் அன்னைக்கே சொன்னானே, தெற்கே தாண்டினா எல்லாம் தின்பான்னு. ஒரு முயல்கூடக் கத்தலை. லாரி திரும்புற சத்தம்தான்.

அடுத்த வாரம் அவனும் ஷீபாவும் கிளம்பினாங்க. ஈரோட்டுப் பக்கம் ஒரு காடைப் பண்ணையில் வேலைன்னான். ஆட்டோ வந்து நிக்குது. நான் ஜெபம் பண்ணி அனுப்பலாம்னு தலையில் கை வைக்கப் போனேன். அவன் என் கையைப் பிடிச்சுக் கீழே இறக்கினான். மெதுவாத்தான் இறக்கினான்.

"யம்மா. எனக்காக ஜெபம் பண்ணாத."

அதுதான் அவன் என்கிட்ட கடைசியாப் பேசினது. ஃபோன் அடிச்சா ஷீபா எடுப்பா. நல்லாயிருக்கோம் அத்தேன்னு சொல்லுவா. வச்சிருவா.

நானும் நல்லாத்தான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் இல்லை மக்கா. கஞ்சியில் உப்புப் போட்டேனா இல்லையான்னு தெரியலை, குடிச்ச பிறகும் தெரியலை. டிவி ஓடும், சத்தத்தைக் கூட்ட மாட்டேன். காலையில் அரிவாளை எடுத்துட்டுப் போய்க் கீரை அறுத்துட்டு வந்துருறேன். கொண்டு வந்த பிறகுதான் கூண்டில் விறகு கிடக்கிறது ஞாபகம் வரும். வசந்தா ஆட்டுக்குப் போட்டுருவேன். அழுகை வரலை. எமிமா சொல்றா, அழுதிரும்மான்னு. வந்தாத்தானே அழ.

இன்னொண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிராத. எனக்குச் சாயங்கால ஜெபம் வரமாட்டேங்குது. விளக்கைப் போட்டு உட்காருவேன். கண்ணை மூடுவேன். ஆண்டவரேன்னு ஆரம்பிப்பேன். அதுக்கு மேலே ஒரு வார்த்தை வராது. எத்தனை வருஷமா ஜெபிச்ச வாய் இது. வீட்டில் ஆள் இருந்தப்ப தண்ணி மாதிரி வந்தது. இப்ப ஆண்டவரும் நானும் மட்டும் இருக்கோம், பேச ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கு. அது ஏன்னு எனக்குப் புரியலை. ஐயர்கிட்டக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைச்சார்.

போன வாரம் எமிமா ஃபோன் பண்ணினா. பேசிக்கிட்டே வந்தவ வாய் தவறிச் சொல்லிட்டா. ஆசீர் அந்த வேலையை விட்டுட்டு, தனியா ஒரு காடைக் கொட்டகை எடுத்திருக்கானாம். ஷீபாவுக்கு இது மூணாவது மாசமாம். இந்தத் தடவையாவது தங்கணும்னு யாருக்குமே சொல்லாம இருக்காங்களாம். அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு எமிமாகிட்டச் சத்தியம் வாங்கியிருக்கான்.

"யம்மா, கேட்டுக்கோ. அவன் மனசு கொஞ்சம் இளகியிருக்கு. இந்த கிறிஸ்துமஸுக்கு ரெண்டு பேரும் ஊருக்கு வாரோம்னு அவனே சொல்லியிருக்கான். நீ மட்டும் இத எங்கயும் விட்டுராத. கோயில்ல சொல்லிராத. வெளிய போச்சுன்னு தெரிஞ்சா இனிமே இந்த வாசலையே மிதிக்க மாட்டான்."

"நான் யாருகிட்ட சொல்லப் போறேன் எமிமா?"

சொல்லலையே. ஐயர்கிட்டப் போகலையே. எத்தனை நாளாச்சு, நெஞ்சுக்குள்ளேயே வச்சிருக்கேன். கொட்டகையில் குஞ்சு போன மாசம் கொஞ்சம் செத்துப் போச்சாம், அதையும் சொன்னா. பிள்ளை என்ன பாடுபடுறானோ. இதோ இருக்கா வசந்தா, அவ தம்பி அந்த ஈரோட்டில்தான் பிரியாணிக் கடை வச்சிருக்கான், காடை வாங்குறவன்தான். ஒரு வார்த்தை கேட்டா உதவி செய்வான். கேட்டேனா? கேட்கலை.

கிறிஸ்துமஸுக்கு வருவான். கூண்டில் இருக்கிற விறகை எடுத்துட்டுக் கழுவி வைக்கணும். எதுக்குன்னு தெரியலை. கழுவி வைக்கணும்.

அது யார், உங்க மிஸ்ஸா? வாங்க டீச்சர், வாங்க. செருப்போடேயே வாங்க, பரவாயில்லை. உங்க பிள்ளை நல்ல பிள்ளை. இவ்வளவு நேரம் இந்தக் கிழவி பேசினதைப் பொறுமையாக் கேட்டுக்கிட்டு இருந்தா. முடிஞ்சிருச்சு, எல்லாம் சொல்லிட்டேன். காபி வேண்டாமா? வண்டி வந்துருமா? அப்ப ஒரே ஒரு நிமிஷம். வந்த பிள்ளையைச் சும்மா அனுப்பக் கூடாது. ஒரு சின்ன ஜெபம் பண்ணி அனுப்புறேன். நீங்க எந்த சாமியைக் கும்பிட்டாலும் சரி, கண்ணை மட்டும் மூடிக்கங்க. வசந்தா, நீயும் அங்கேயே நின்னு கண்ணை மூடு. உட்காரு மக்கா, எந்திரிக்காத. தலையில் கைதான் வைக்கிறேன். ஏன் நடுங்குற?

கிருபையுள்ள ஆண்டவரே, ஸ்தோத்திரம். இந்த நல்ல வேளைக்காக ஸ்தோத்திரம்.

பாரு, வருது. இப்ப வருது பாரு.

ஆண்டவரே, இந்தப் பெண்பிள்ளையை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன். மேலத் தெருவுக்குள்ளே போகாமலே மரத்தடியில் உட்கார்ந்து தெரு முழுவதையும் தானாக எழுதி வைத்திருக்கிறாள். நாய்க்குப் பயந்து செய்தாள் ஆண்டவரே, அவளை மன்னியும். அவளுடைய டீச்சரம்மா மனதிலே இரக்கத்தைக் கொடும். தூரத்தில் இருக்கிற என் மகன் ஆசீரை நினைத்தருளும். ஈரோட்டுப் பக்கத்தில் யாருக்கும் தெரியாமல் காடைக் கொட்டகை போட்டிருக்கிறான். குஞ்சுகள் செத்து விழுகிறதாமே ஆண்டவரே, அந்த நோயைத் தடுத்து நிறுத்தும். வசந்தாவின் தம்பியைக் கொண்டு அவனுக்கு ஒரு வழியைத் திறந்தருளும். என் மருமகள் வயிற்றில் மூன்று மாதமாய் இருக்கிற சிசுவை, முந்தின இரண்டைப் போல ஆகாதபடி காத்தருளும். கிறிஸ்துமஸுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து என் கண்முன்னே நிறுத்தும். அவன் நாவின் கட்டை அவிழ்த்தருளும். கேட்டீர் என்று விசுவாசிக்கிறேன்.

ஆமென்.

வசந்தா சொல்லிட்டா, கேட்டுச்சு. டீச்சர், நீங்களுமா, சந்தோஷம்.

மக்கா, உன்னைத்தான். ஏன் அப்படிப் பார்க்கிற?

ஆமென் சொல்லு.